உயிர், அணு, மந்திரம், விஞ்ஞானம்: ஆன்மிகச் சொற்களும் அறிவியல் சொற்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொற்பிறப்பு பற்றிப் பேச்செடுத்தாலே திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஒரு பத்தி போதும். சிலவற்றை ஒரு பத்தியில் முடித்தால் அந்தச் சொல்லுக்கே துரோகம் செய்ததாகிவிடும். அதனால் பதில்களின் நீளம் ஒரே மாதிரி இருக்காது.

ஆன்மிகச் சொற்களும் அறிவியல் சொற்களும் ஏன் இப்படி ஒட்டிப் பிறந்தவை போல இருக்கின்றன?

புதிதாக ஒன்றுக்குப் பெயர் வைப்பவர் கைக்கு எட்டிய சொல்லைத்தான் எடுப்பார். மூச்சு, நூல், முட்டை, பிடி, பாரம் என்று அன்றாடம் புழங்கிய சொற்களை ஞானிகள் எடுத்து ஆன்மாவையும் அண்டத்தையும் பேசினார்கள். பின்னால் பாடநூல் எழுத வந்தவர்கள், ஞானிகள் பயன்படுத்திய அதே சொற்களை எடுத்து அறிவியலைப் பேசினார்கள். ‘வினை’யைப் பாருங்கள். முதலில் அது வெறும் செயல். இலக்கணத்தில் வினைச்சொல் ஆனது. சமயத்தில் நல்வினை, தீவினை ஆனது. இப்போது வேதியியல் வகுப்பில் வேதிவினை, வினையூக்கி என்று உட்கார்ந்திருக்கிறது. சொல் ஒன்றுதான், அது வேலை பார்க்கும் இடம் நான்கு.

‘உயிர்’ என்ற சொல்லுக்கு மூலப்பொருள் என்ன?

மூச்சு. ‘உயிர்த்தல்’ என்றால் மூச்சு விடுதல், ‘உயிர்ப்பு’ என்றால் மூச்சு. படுத்திருப்பவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறோமே, அந்தச் சோதனையே சொல்லாகியிருக்கிறது. விரலில் காற்றுப் பட்டால் உயிர் உண்டு.

உலகம் முழுக்க இந்தக் கதைதான். வடமொழியில் ‘பிராணன்’, மூச்சு விடுவதைக் குறிக்கும் ‘அன்’ என்ற வேரிலிருந்து வந்தது. லத்தீனில் ‘அனிமா’வும் ‘ஸ்பிரிட்டுஸ்’ என்பதும் மூச்சைக் குறித்து, பிறகு ஆன்மாவைக் குறித்தவை. கிரேக்கத்தில் ‘சைக்கி’ அப்படி. சைக்காலஜி என்ற பெயருக்குள் இன்னும் அந்த மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. எபிரேய ‘ருவாஹ்’ காற்றும்தான், ஆவியும்தான்.

தமிழ் இதில் இன்னொரு படி போனது. எழுத்துகளுக்கும் உயிர், மெய் என்று பெயர் வைத்தது. தடையில்லாமல் மூச்சில் வெளிவருவது உயிர். தானாக இயங்க முடியாமல் உயிர் வந்து ஏறினால் அசைவது மெய், அதாவது உடம்பு. 12 உயிரும் 18 மெய்யும் கூடி 216 உயிர்மெய். இலக்கணப் பாடத்தில் உட்கார்ந்து நாம் படித்தது உடம்பும் உயிரும் பற்றிய ஒரு பார்வையைத்தான். ‘மெய்’க்கு உண்மை என்றும் பொருள் உண்டு என்பதையும் சேர்த்து யோசித்தால், மெய்யியல் என்ற சொல் கொஞ்சம் கூடுதலாக இனிக்கும்.

அப்படியானால் பிராணவாயு என்பதும் ஆக்சிஜன் என்பதும் ஒரே பொருள் தரும் சொற்களா?

குறிப்பது ஒரே வாயு. சொல்லும் செய்தி வேறு. நம் பெயர், உயிர்வளி என்றாலும் பிராணவாயு என்றாலும், அது நமக்கு என்ன செய்கிறது என்று சொல்கிறது. ‘ஆக்சிஜன்’ என்றால் கிரேக்க வேர்களின்படி ‘அமிலத்தைப் பிறப்பிப்பது’. 1777-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் இந்தப் பெயரை வைத்தபோது, எல்லா அமிலங்களிலும் இந்த வாயு இருக்கும் என்று நம்பினார். அது தவறு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் கிடையாது என்று 1810-இல் ஆங்கிலேய வேதியியலாளர் டேவி காட்டிவிட்டார். அமிலத்தன்மைக்குக் காரணமாக நாம் இன்று படிப்பது ஹைட்ரஜன் அயனியை. ஆக, பெயர் போக வேண்டிய வீட்டுக்குப் போகாமல் பக்கத்து வீட்டில் தங்கிவிட்டது. தவறான கருத்து செத்துப் போனாலும் அதன் பெயர் மட்டும் சாகாமல் இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அணுவைப் பிளக்கலாம் என்று கம்பருக்குத் தெரியுமா?

அதிகம் பகிரப்படும் செய்தி இது. இரணியனிடம் பிரகலாதன் சொல்வதாகக் கம்பர் பாடுகிறார்: ‘சாணினும் உளன், ஓர் தன்மை அணுவினைச் சத கூறு இட்ட கோணினும் உளன்’. அணுவை நூறு கூறாக்கினால் வரும் ஒரு கூறு ‘கோண்’. அதிலும் இறைவன் இருக்கிறான் என்பது கருத்து. கற்பனையின் வீச்சுக்குக் கைதட்டலாம். ஆனால் இது இறைவனின் நிறைவைச் சொல்ல வந்த பாட்டு, ஆய்வுக்கூடக் குறிப்பு இல்லை.

சொல்லை மட்டும் பார்த்தால் ஒரு வேடிக்கை உண்டு. ஆங்கிலத்தின் ‘ஆட்டம்’ கிரேக்க ‘அடோமோஸ்’ வழி வந்தது. ‘வெட்ட முடியாதது’ என்று பொருள். 1897-இல் தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தார், 1938-இல் அணுக்கருப் பிளவு தெரியவந்தது. வெட்ட முடியாதது என்ற பெயரோடு அது வெட்டுப்பட்டு நின்றது. ‘அணு’வுக்கு அந்தச் சங்கடம் இல்லை. அது வடமொழியில் ‘மிக நுண்ணியது’ என்று மட்டுமே சொல்லும் சொல். நுண்ணியது எத்தனை துண்டானாலும் நுண்ணியதுதானே.

அணுவைக் கண்ணால் காட்டிய இடம் திருவாசகத்தில் இருக்கிறது. அண்டங்கள் கோடி கோடியாக இறைவன் முன் சிறுத்துக் கிடப்பதை மாணிக்கவாசகர் ‘இன்னுழை கதிரின் துன்னணுப் புரைய’ என்கிறார். மூடிய அறையில் சிறு துளை வழியாக வெயில் ஒரு கோலைப் போல நுழையும்போது, அதற்குள் தூசுகள் மிதந்து மினுங்குமே, அவைதான் அந்த அணுக்கள். பழைய இந்தியத் தத்துவப் பிரிவுகளில் ஒன்றான வைசேஷிகத்தாரும் இதே தூசில்தான் கணக்கைத் தொடங்கினார்கள்: இரண்டு பரமாணு (அதற்குமேல் பிரிக்க முடியாத துகள்) சேர்ந்தால் ஓர் இரட்டை, மூன்று இரட்டை சேர்ந்தால் வெயிலில் தெரியும் ஒரு துகள். அதாவது தூசு ஒன்றுக்கு ஆறு பரமாணு. இன்றைய கணக்கில் அதே தூசுக்குள் அணுக்கள் லட்சம் கோடிக் கணக்கில் இருக்கும். கணக்கு தவறினாலும், கண்ணுக்குத் தெரிவதன் அடியில் தெரியாதது ஒன்று அடுக்கடுக்காக இருக்க வேண்டும் என்ற யோசனை தவறவில்லை.

மந்திரம், தந்திரம், இயந்திரம் மூன்றும் ஒரே மாதிரி முடிவது தற்செயலா?

இல்லை, மூன்றும் உடன்பிறப்புகள். வடமொழியில் ஒரு வேரோடு ‘த்ர’ என்ற விகுதி சேர்ந்தால் பெரும்பாலும் ‘அதற்கான கருவி’ என்று பொருள். ‘மன்’ என்றால் நினைத்தல். நினைப்பதற்கான கருவி மந்திரம். ‘யம்’ என்றால் அடக்கிப் பிடித்தல். பிடித்து நிறுத்தும் கருவி யந்திரம். ‘தன்’ என்றால் இழுத்து விரித்தல். அதற்கான கருவி தந்திரம். பருகுவதற்கான பாத்திரம், உடுத்துவதற்கான வஸ்திரம், வழி நடத்தும் நேத்திரம் எல்லாம் இதே பட்டறையில் செய்தவை. ‘திரம்’ என்று முடிகிற எல்லாவற்றையும் இதில் சேர்த்துவிடாதீர்கள். சமுத்திரம் வேறு குடும்பம், அதற்குள் இருப்பது நீரைக் குறிக்கும் வேர்.

மூன்றும் தமிழில் போன பாதைகள்தான் சுவை. இயந்திரம் இரண்டாகப் பிரிந்தது: பூசையில் வைக்கும் செப்புத் தகடும் யந்திரம், ஆலையில் ஓடுவதும் இயந்திரம். தந்திரம் பாவம். பெரிய ஆகம நூல்களுக்குப் பெயராக இருந்தது. திருமந்திரத்தின் ஒன்பது பகுதிகளுக்கும் தந்திரம் என்றே பெயர். இன்று ‘தந்திரக்காரன்’ என்றால் பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்கிறோம். மந்திரத்துக்குத் தொல்காப்பியமே ஓர் இலக்கணம் வைத்திருக்கிறது: ‘நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப’. அரசனுக்கு ஆலோசனை சொல்பவர் மந்திரி ஆனதும் ‘நினைத்தல்’ என்ற இந்த வேரால்தான்.

தந்திரம் என்றால் இழுத்து விரிப்பது என்கிறீர்கள். அதற்கும் நூலுக்கும் என்ன சம்பந்தம்?

தறியை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் பாவு நூலை நீளவாக்கில் இழுத்துக் கட்டுவார்கள். அது விறைப்பாக நின்றால்தான் ஊடை குறுக்கே ஓடும். அந்த இழுத்துக் கட்டிய அமைப்புக்குத்தான் வடமொழியில் ‘தந்த்ர’ என்று பெயர். பிறகு, ஒழுங்காகக் கட்டப்பட்ட கருத்தமைப்புக்கும் அதே பெயர் ஆனது. ‘சூத்திரம்’ என்றாலும் நூலிழை. யோக சூத்திரமும் அதுதான், கணக்கில் மனப்பாடம் செய்த சூத்திரமும் அதுதான்.

தமிழுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பருத்தியில் திரிப்பதும் நூல், படிப்பதும் நூல். நன்னூல் பாயிரம் இதை ஒப்பிட்டே காட்டுகிறது: சொல்தான் பஞ்சு, புலவன்தான் நூற்கும் பெண், வாய்தான் கை, அறிவுதான் கதிர். லத்தீனில் ‘டெக்ஸ்ட்’ என்பதன் வேரும் நெய்தல். டெக்ஸ்ட்டும் டெக்ஸ்டைலும் ஒரே தறியில் இறங்கியவை. நூலை நெய்தவர்கள் எங்கெல்லாம் இருந்தார்களோ அங்கெல்லாம் இந்த எண்ணம் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது.

விஞ்ஞானம் ஆன்மிகச் சொல்லா, அறிவியல் சொல்லா?

பிறந்தது ஆன்மிகத்தில். ‘ஞான’ என்ற அறிவோடு ‘வி’ சேர்ந்து, பகுத்து அறிவதைக் குறித்தது. உபநிடதம் சொல்லும் ஐந்து கோசங்களில், அதாவது ஆன்மாவை மூடியிருக்கும் உறைகளில், ஒன்று விஞ்ஞானமய கோசம். பௌத்தத்தில் விஞ்ஞானம் என்றால் உணர்வு நிலை. துன்பம் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறக்கும் பன்னிரு சார்புகளை வரிசையாகச் சொல்லும் மணிமேகலை அந்த இடத்தில் ‘உணர்வு’ என்றே தமிழில் போடுகிறது. சைவ சித்தாந்தத்தில் உயிர்கள் மூவகை. அவற்றில், உயிரைப் பற்றிய அழுக்குகளான மலங்களில் ஆணவ மலம் மட்டும் உள்ளவர்கள் விஞ்ஞானகலர். முதல் முறை இதைப் படித்தபோது, வெள்ளைக் கோட்டு போட்ட ஆசாமிகள்தான் என் கண்முன் வந்து நின்றார்கள்.

சயின்ஸுக்கு இந்தச் சொல்லை ஒதுக்கியது பிற்காலம். சயின்ஸ் என்பதும் லத்தீனில் வெறும் ‘அறிவு’தான். ‘சயின்டிஸ்ட்’ என்ற சொல்லையே 1833-ஐ ஒட்டித்தான் வில்லியம் ஹூவெல் உருவாக்கினார். அதற்கு முன் வாழ்ந்த நியூட்டனை அவர் காலத்தில் யாரும் அப்படி அழைத்திருக்க முடியாது. ஞானம், கிரேக்க ‘நோசிஸ்’, ஆங்கில ‘நோ’ மூன்றும் ஒரே வேர். ஆங்கிலத்தில் எழுதும்போது உச்சரிக்கப்படாத ஒரு ‘கே’ முன்னால் நிற்கிறதே, அது பழைய வேரின் தழும்பு.

வேதியியல் வேதத்திலிருந்து வந்ததா?

பள்ளியில் நானும் அப்படித்தான் நினைத்தேன். வேதியருக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது ‘வேதித்தல்’. ஓர் உலோகத்தை ஊடுருவி அதன் இயல்பையே மாற்றுதல். சித்தர் மருத்துவத்திலும் ரசவாதத்திலும் ‘வேதை’ என்பார்கள். திருமூலர் இதைக் குருவுக்கு உவமையாக்கினார்: ‘பரிசன வேதி பரிசித்த தெல்லாம் வரிசை தரும்பொன் வகையாகு மாபோல்’. தொட்டதையெல்லாம் பொன்னாக்கும் பரிசன வேதி போல, குரு தொட்டால் மலம் நீங்கும் என்கிறார். ஆக, கெமிஸ்ட்ரிக்குத் தமிழ்ப்பெயர் வைத்தவர்கள் ரசவாதிகளின் சொல்லைத்தான் எடுத்தார்கள். கெமிஸ்ட்ரியும் அரபு ‘அல்கீமியா’ வழி வந்ததுதான். ரசவாதத்தை உதறிவிட்டு வந்த துறை, இரண்டு மொழியிலும் பெயரை மட்டும் உதறவில்லை.

சூரியனும் சந்திரனும் எப்படி நவக்கிரகத்தில் வந்தார்கள்? அவை கோள்கள் இல்லையே?

‘கிரகம்’ என்றால் பிளானட் என்று வைத்துக்கொண்டு கேட்பதால் வரும் குழப்பம். கிரகம் என்றால் பற்றுவது, பிடிப்பது. கிரகணமும் அதே வேர். தமிழ்க் ‘கோள்’ என்பதும் ‘கொள்’ என்பதிலிருந்து வந்தது, அதே பிடித்தல்தான். திருக்குறளில் ‘கோளில் பொறி’ என்றால் எதையும் பற்ற முடியாத புலன். மனிதரைப் பிடிப்பவை என்று நம்பப்பட்டவை கிரகங்கள். அந்தப் பட்டியலில் சூரியன் தாராளமாக வரலாம், நிழலாகிய ராகு கேதுவும் வரலாம். கிரேக்கரின் ‘பிளானட்’டோ ‘அலைபவன்’. விண்மீன்கள் அப்படியே நிற்க, இடம் மாறி அலைபவை எல்லாம் பிளானட். அவர்கள் பட்டியலிலும் சூரியனும் சந்திரனும் இருந்தார்கள். 1543-இல் கோபர்நிகஸ் நூல் வந்த பிறகுதான் பட்டியல் மாறத் தொடங்கியது. 2006-இல் புளூட்டோவை வெளியே அனுப்பியதும் அதே பட்டியலிலிருந்துதான்.

சோதிடச் சொற்களில் கிரேக்கம் வேறு ஒளிந்திருக்கிறது. ‘ஹோரை’ கிரேக்கரின் ‘ஹோரா’, ஆங்கில ‘அவர்’ அதன் உறவு. ‘கேந்திரம்’ கிரேக்க ‘கென்ட்ரோன்’, ஆங்கில ‘சென்டர்’ அதன் உறவு.

குரு என்றால் ‘இருளைப் போக்குபவர்’ தானே?

‘கு’ இருள், ‘ரு’ போக்குவது என்று ஓர் உபநிடதமே சொல்கிறது. அழகான விளக்கம், ஆனால் சொல் பிறந்த கதை அது இல்லை. குரு என்றால் பாரமானது, கனமானது. எதிர்ச்சொல் லகு. தாளத்தின் அங்கங்களில் குருவும் லகுவும் இருப்பதும், சுலபமான வேலையை ‘லகுவாக முடித்தேன்’ என்பதும் இதனால்தான். கனமானவர் என்பது மதிப்புக்குரியவர் ஆனது. லத்தீன் ‘கிராவிஸ்’ இதே வேர். அதிலிருந்து வந்ததுதான் ‘கிராவிட்டி’. குருவும் கிராவிட்டியும் சொந்தக்காரர்கள். வியாழனுக்குக் குரு என்று பெயர், கோள்களிலேயே அதுதான் மிகக் கனமானது, பூமியைப் போல் சுமார் 318 மடங்கு. இது மட்டும் முழுக்கத் தற்செயல். தேவகுருவின் பெயரை வைத்தவர்களிடம் தராசு இல்லை.

கர்மாவும் நியூட்டனின் மூன்றாம் விதியும் ஒன்றா?

இல்லை. சுவரை உள்ளங்கையால் தள்ளினால் சுவரும் உள்ளங்கையைத் தள்ளும். அதே நொடியில், அதே அளவில், வேறொரு பொருளின் மேல். வினைப்பயனோ செய்தவரிடமே திரும்புவது, காலம் தாழ்த்தி வருவது, பிறவி தாண்டியும் வருவது. ‘எதிர்வினை’ என்ற ஒரு சொல் இரண்டு இடத்திலும் கேட்பதால் வந்த மயக்கம் இது. மூன்றாம் விதியைப் பாடநூல் ‘எதிர்விசை’ என்று சொல்லும்போது இந்தக் கேள்வி பாதி அடங்கிவிடுகிறது.

‘சக்தி’, ‘எனர்ஜி’ என்று இரண்டு பக்கமும் பேசுகிறார்களே?

இயற்பியலில் விசை வேறு, ஆற்றல் வேறு, திறன் வேறு. நியூட்டன், ஜூல், வாட் என்று தனித்தனி அலகுகள். ‘சக்தி’ பேச்சுவழக்கில் மூன்றுக்கும் ஓடும். சூரிய சக்தியில் அது ஆற்றல், குதிரை சக்தியில் திறன், அம்பிகையில் அது இயலச் செய்வது. ‘சக்’ என்ற வேருக்கே ‘இயலுதல்’ என்றுதான் பொருள். எனர்ஜியும் முதலில் அரிஸ்டாட்டிலின் தத்துவச் சொல். 1807-இல் தாமஸ் யங் அதை இயற்பியலுக்கு இழுத்து வந்தார். யாராவது ‘பாசிட்டிவ் எனர்ஜி’ என்றால் மனநிலையைச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வேன். எத்தனை ஜூல் என்று கேட்டு அவர்களை வம்புக்கு இழுப்பதில்லை.

பிரம்மாண்டம் என்றால் பெரியது என்றுதானே அர்த்தம்?

பிரம்மனின் முட்டை. அண்டம் என்றால் முட்டை. உலகம் முட்டையிலிருந்து வந்தது என்ற பழைய கற்பனையால் அண்டம் பேரண்டம் ஆனது. உயிரியல் பாடத்தில் அண்ட செல் என்று படிப்பது அதே சொல்லின் பழைய பொருள்தான். திரைப்பட விளம்பரத்தில் ‘பிரம்மாண்டமான’ என்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு முட்டை ஞாபகம் வந்து தொலைக்கிறது.

குவாண்டம் ஆன்மிகமா?

லத்தீனில் ‘எவ்வளவு’ என்று பொருள். கடைக்காரரிடம் கேட்கிற அதே ‘எவ்வளவு’. ஆற்றல் தொடர்ச்சியாக அல்லாமல் அளவளவாகப் பரிமாறப்படுகிறது என்று 1900-இல் பிளாங்க் கொண்டுவந்த கருத்துக்கு அந்தப் பெயர் அமைந்தது.

ஒரு சொல்லின் பிறப்பைப் பற்றிக் கேள்விப்பட்டால் நம்பலாமா என்று எப்படிப் பார்ப்பது?

சொல்லைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பொருள் சொன்னால் முதலில் சந்தேகப்படுங்கள். அப்புறம் பழைய நூல்களில் அந்தச் சொல் எந்தப் பொருளில் வந்தது என்று பாருங்கள். ‘கோயில்’ இன்று வழிபடும் இடம், சிலப்பதிகாரத்தில் அரண்மனையும் கோயில்தான். கோ என்றால் அரசன், இல் என்றால் வீடு. இறைவனையும் ஆண்டவனையும் இப்படிப் பார்த்தால் அவற்றுக்குள்ளும் அரசன் இருப்பான். மூன்றாவதாக, தெலுங்கு, கன்னடம், மலையாளம் போன்ற உறவு மொழிகளில் அதன் உருவம் என்ன என்று பாருங்கள். பர்ரோவும் எமனோவும் 1961-இல் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியும் இதற்கு உதவும்.

இதில் தேறிய சொல்லிலும் ஓர் எல்லை உண்டு. ‘ஞாலம்’ என்பது ‘ஞாலுதல்’, அதாவது தொங்குதல் என்பதிலிருந்து வந்தது. யானையை ‘நால்வாய்’ என்பார்கள், தொங்கும் வாய் உடையது என்று. இதுவும் அதே வேர்தான். இதை வைத்துக்கொண்டு புவியீர்ப்பு விதி பழந்தமிழருக்குத் தெரியும் என்று சிலர் எழுதுகிறார்கள். பூமி அந்தரத்தில் தொங்குகிறது என்று ஒருவர் கற்பனை செய்தார் என்பதுவரை அந்தச் சொல் சாட்சி சொல்லும். எது தாங்குகிறது, எவ்வளவு விசையோடு என்பதெல்லாம் அந்தச் சாட்சியிடம் இல்லை.